தாயற்ற கன்றைப் போத்தற் பாலில் வளர்த்தல்

ஊர்காவற்றுறைக் கமக்காரர்களே,

நெல் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் எரு தருவது பசு. வீட்டுக்குப் பால் தருவதும் அதுவே. அப்படியிருந்தும், தாய் இறந்துவிட்டாலோ மடிநோயினாற் பால் வற்றிவிட்டாலோ, கன்று இனித் தப்பாது என்று கைவிடுவோர் நம்மிடையே உளர். இக்கன்றைப் போத்தலினால் நன்கு வளர்க்கலாம். அதனை எவ்வாறு செய்வது, எப்பொழுது பால் மறப்பிப்பது என்பவற்றை இன்று கூற விரும்புகின்றேன்.

முதலாவது கடும்புப் பால். நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்பொழுது கிடைப்பதில்லை. கடும்பின் மூலமே கிடைக்கின்றது. அச்சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சும் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளைக்குள் அற்றுப்போகும். ஆதலால் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் வேளைக் கடும்பு உள்ளே செல்லவேண்டும். தாய் இறந்திருப்பின் அயலில் அண்மையில் ஈன்ற பசுவிடம் பெறுங்கள். மிகுதியாகக் கிடைக்குங் காலத்தில் ஒரு போத்தலைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்திருப்பது அறிவுடைமை. அதனை இளஞ்சூட்டு நீரில் வைத்து உருக்கவேண்டும். அடுப்பில் வைத்தாற் கடும்பு திரைந்துவிடும், பயனும் கெடும்.

அதன்பின், நாளொன்றுக்குக் கன்றின் நிறையிற் பத்திலொரு பங்குக்குக் குறையாமற் பால் வேண்டும். இருபது கிலோ கன்றுக்கு இரண்டு லீற்றர். நிறை அறிய வெங்காயம் நிறுக்கும் தராசு போதும். சாக்கிற் கட்டித் தூக்குங்கள். முதல் வாரம் மூன்று வேளையாகவும், பின்னர் காலை மாலை இரு வேளையாகவும் கொடுக்கலாம். ஆட்டுப் பாலும் ஏற்றதே. மாப்பால் கரைப்பதாயின் ஆடை நீக்காத மாவில் 125 கிராமுக்கு ஒரு லீற்றர் நீர். நாம்பன் கன்றுதானே என்று தண்ணீர் சேர்த்து அளவைக் கூட்டுவது கன்றை மெல்லப் பட்டினியிடுவதாகும். நம் தீவில் உவர்க் கிணறுகள் பல. நீங்கள் குடிக்கும் நன்னீரையே காய்ச்சி ஆறவைத்து மாக் கரையுங்கள். கன்றுக்குக் குடிக்க வைப்பதும் நன்னீராகவே இருக்கட்டும்.

பால் கன்றின் உடற்சூட்டில், அதாவது ஏறக்குறைய 39 பாகையில் இருத்தல் வேண்டும். விரலைப் பாலில் தோய்த்துச் சப்பக் கொடுத்தாற் கன்று விரைவிற் பழகும். சூப்பியின் துவாரத்தைப் பெரிதாக்காதீர்கள். கன்று உறிஞ்சும்பொழுதுதான் இரைப்பையில் ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பாலை நேரே நாலாம் அறைக்குச் செலுத்துகின்றது. போத்தலைத் தாயின் மடியளவு உயரத்திற் பிடியுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து வாயில் ஊற்றினாற் பால் சுவாசப்பைக்குட் சென்று கன்று இறக்கலாம். ஒவ்வொரு வேளையும் போத்தலையும் சூப்பியையும் வெந்நீராற் கழுவுவது சிறு வேலை. கழிச்சல் வந்தபின் படும் பாடு பெரிது. கழிச்சல் கண்டாற் பாலை அடியோடு நிறுத்தாமல், இடை வேளைகளில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசல் கொடுத்து, கால்நடை வைத்தியரை உடனே நாடுங்கள். பூச்சி மருந்தும் அவர் சொற்படியே கொடுக்கவேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து கன்றுத் தீனியில் ஒரு பிடி வையுங்கள். பால் மட்டுங் குடிக்கும் கன்றின் முதலறை வளராது. தீனியே அதனை வளர்க்கின்றது. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு ஆகாது. யூரியா கலந்த தீனியும் இவ்வயதில் நஞ்சு. தோட்டக்காரருக்கு ஒரு சொல்: வெங்காயத் தாளையும், மருந்தடித்த மிளகாய், கத்தரிச் செடிகளையும் கன்றின் முன் போடவேண்டாம். வெங்காயம் மாட்டின் இரத்தத்தைக் கெடுக்கும்.

பால் மறப்பிக்க வயதை மட்டும் பார்ப்பது போதாது. எட்டு வாரம் கடந்து, கன்று நாளொன்றுக்கு முக்காற் கிலோ முதல் ஒரு கிலோ வரை தீனியை மூன்று நாள் தொடர்ந்து தின்றால் அது தயார். அப்பொழுதும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதலில் மாலைப் பாலை விட்டு, காலைப் பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இரண்டு வாரத்தில் முடியுங்கள்.

நம் தீவுகளுக்கு மேலும் ஒன்றுண்டு. மாரி மழைக்குப் பின் தையிலும் மாசியிலும் புல் உண்டு; அப்பொழுது மறப்பித்தல் எளிது. ஆடி, ஆவணியில் தரை காய்ந்து கிடக்கும். அக்காலத்தில் மறப்பிக்க நேர்ந்தால் இரண்டு மூன்று வாரம் பாலை நீட்டுவதே என் எண்ணம். செலவுதான், ஆயினும் இளங்கன்றை வைக்கோலிலும் பனையோலையிலும் மட்டும் விட்டால் வயிறு பருத்து உடல் மெலியும். பாலை நிறுத்தியபின் தீனியைக் குறையாமற் கொடுத்து, கிளிசரியாக் குழையைச் சிறிது வாடவைத்து, கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்குங்கள். இரு கன்றுகள் இருப்பின் பால் குடித்தபின் அரை மணி நேரம் வேறுவேறாகக் கட்டுங்கள். இல்லையேல் ஒன்றன் தொப்புளை மற்றொன்று சப்பிப் புண்ணாக்கும்.