வாயில்லா ஜீவன்களும் நமது பொறுப்பும்
(ஜும்ஆப் பேருரை)

படைப்புகள் அனைத்திற்கும் உணவளித்துக் காக்கும் அல்லாஹு தஆலாவுக்கே புகழனைத்தும் உரியன. அகிலத்தார்க்கு அருட்கொடையாக வந்துதித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

தொழுகை, நோன்பு, ஜகாத் என்று பல தலைப்புகளில் ஜும்ஆ உரைகளைக் கேட்டும் படித்தும் வருகிறீர்கள். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் தலைப்பு சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். நம் வீட்டு அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனையைப் பற்றியும், நம் வயல்வெளியில் காவல் கிடக்கும் நாயைப் பற்றியும் பேசப் போகிறோம். ஒரு பூனையின் காரணத்தால் ஒரு பெண் நரகம் புகுந்தாள் என்றும், ஒரு நாயின் காரணத்தால் ஒருவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துச் சென்றிருக்க, இதைச் சிறிய விஷயம் என்று எவ்வாறு தள்ளிவிட முடியும்?

பூமியில் ஊர்ந்து திரியும் உயிரினங்களும், சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் அல்லாஹ் உணர்த்துகிறான். அவற்றுக்கும் பசி உண்டு, அச்சம் உண்டு, பிள்ளைப்பாசம் உண்டு. ஆனால் முறையிட வாய் இல்லை. இந்த வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

பூனையை அடைத்த பெண்

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ள அந்தப் பெண்ணின் செய்தியை ஊன்றிக் கவனியுங்கள். அவள் பூனையை வெட்டவில்லை. கல்லால் அடித்துக் கொல்லவுமில்லை. கட்டிப்போட்டாள், உணவு கொடுக்கவில்லை, பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. அது செத்தது. இவள் குற்றவாளியானாள்.

இதிலிருந்து ஒரு சட்டம் புலனாகிறது. ஒரு பிராணியை நாம் அடைத்தோ கட்டியோ வைத்த அந்த நொடியிலிருந்து, அது தன் இரையைத் தானே தேடும் வழியை நாம் அடைத்துவிட்டோம். எனவே அதன் உணவு, தண்ணீர், நிழல், மருந்து அனைத்தும் நம் தலைமீது கடமையாகிவிடுகின்றன. அது நம்மிடம் வந்து சேர்ந்த அமானிதம்.

கொள்ளிடத்தின் வடகரையிலே, திருமழபாடி, திருமானூர் வட்டாரங்களில் வாழும் நம் மக்களுக்கு இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியுள்ளது. பூனை குட்டி போட்டுவிட்டால், குட்டிகளைச் சாக்கில் கட்டி, இருசக்கர வாகனத்தில் வைத்துப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் ஊர்தோறும் இருக்கிறது. "கொல்லவில்லையே, விட்டுவிட்டுத்தானே வந்தோம்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். கண் திறந்து சில நாட்களே ஆன குட்டிக்கு இரை தேடத் தெரியுமா? தாயிடம் பால் குடிக்கும் குட்டியை ஆற்று மணலில் விடுவது விடுதலையா, மரண தண்டனையா? சிந்தித்துப் பாருங்கள். தாய்ப்பறவையிடமிருந்து குஞ்சுகளை எடுத்து வந்த தோழர்களிடம், அவற்றைத் திரும்பக் கொடுத்துவிடும்படி பணித்தவர் நம் நாயகம் (ஸல்) அவர்கள் என்பதை அபூதாவூத் நூலில் காண்கிறோம்.

இதைப் போன்றதே வெள்ளக் காலம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியபோது, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளே உடைந்து போயின. அத்தகைய நாட்களில் வீட்டைவிட்டுப் புறப்படும்போது, எடுத்துச் செல்ல முடியாவிட்டாலும், நாயின் சங்கிலியையும் ஆடுமாடுகளின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டுச் செல்லுங்கள். கட்டிய நிலையில் விட்டுப் போவது அந்தப் பெண் செய்த அதே செயலாகும்.

பூனை வளர்ப்போர் கவனத்திற்கு

பூனை வளர்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே இதற்குச் சான்று. ஆடு மேய்க்கும் காலத்தில் ஒரு பூனைக்குட்டியை வைத்து விளையாடியதால் அவர்களுக்கு அப்பெயர் வந்ததாகத் திர்மிதியில் காண்கிறோம். அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களின் மருமகள் ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றியபோது ஒரு பூனை வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து அதைக் குடிக்கச் செய்தார்கள். மருமகள் வியந்து நோக்கியபோது, பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வரும் பிராணி என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது. வேறு தண்ணீர் இருக்கும்போது அதைத் தவிர்ப்பது நல்லது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஆயினும் பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பதில் ஐயமில்லை. எனவே பூனை வளர்ப்பவர் அதைப் பழக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பழக்குவது கடினமன்று. மண்ணைத் தோண்டி மலத்தை மூடும் இயல்பை அல்லாஹ் அதற்குத் தந்திருக்கிறான். அகலமான தட்டில் மணல் பரப்பி, வீட்டின் ஒதுக்குப்புறத்தில் வைத்து, குட்டி உண்டு முடித்ததும் அதில் கொண்டுபோய் விட்டால், சில நாட்களில் தானே அவ்விடம் தேடிச் செல்லும். தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கேறினால் அது உங்கள் தொழுகைப் பாயைத் தேடும். கர்ப்பிணிப் பெண்கள் அந்தத் தட்டைத் தொடாமல், வீட்டிலுள்ள வேறொருவர் சுத்தம் செய்வதே நலம். பூனையின் மலத்தின் வழியே பரவும் ஒரு கிருமி கருவிலிருக்கும் சிசுவைத் தாக்கக்கூடும்.

தவறு செய்தால் அடிக்காதீர்கள். எப்போதோ செய்ததற்கு இப்போது விழும் அடி எதற்கென்று அதற்கு விளங்காது. உங்களைக் கண்டு அஞ்சுவதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். சரியாகச் செய்த அந்தக் கணமே ஒரு மீன் துண்டைக் கொடுத்தால், அதைக் கற்றுக்கொள்ளும்.

பாலும் சோறும் மட்டும் பூனைக்குப் போதா. அது மாமிசம் உண்ணும் பிராணி. மீனோ இறைச்சியோ வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். பூனை தன் நாவாலேயே உடலைச் சுத்தம் செய்துகொள்வதால் அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை. ஆனால் சீப்பால் வாரிவிடுவது அவசியம். உதிரும் முடி அதன் வயிற்றுக்குள் போவது குறையும். நம் உடையிலும் ஒட்டாது. ஷாஃபிஈ மத்ஹபில் உதிர்ந்த பூனை முடி சிறிதளவு மன்னிக்கப்பட்டது. அதிகமானால் தொழுகை உடையிலிருந்து அகற்ற வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அது சுத்தமானதே. நகம் வெட்டுவதாயின் வெண்மையான நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்த நாளம் ஓடுகிறது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூனைக்குக் காய்ச்சல் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு; சிறிதளவே உயிரைப் பறிக்கும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் சிலவும் பூனையைக் கொன்றுவிடும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

நாயைப் பற்றிய இரு தவறுகள்

நாயின் விஷயத்தில் நம்மில் இரு சாரார் இரு தவறுகளைச் செய்கிறோம். ஒரு சாரார் நகரத்து நாகரிகத்தைப் பார்த்து, வெறும் அழகுக்காகவும் பெருமைக்காகவும் நாயை வீட்டுக்குள், படுக்கையறைவரை கொண்டுவருகிறார்கள். வேட்டை, கால்நடை, வேளாண்மை ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மைகள் நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் என்றும், நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்றும் வந்துள்ள ஸஹீஹான ஹதீஸ்களை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக் காவலுக்கு நாய் வைப்பதையும் இந்தத் தேவைகளோடு ஒப்பிட்டு, ஆகும் என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். தேவைக்கு வளர்ப்போர் அதற்கு வீட்டுக்கு வெளியே இடம் அமைக்கட்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வேட்டை நாய் ஆகும் என்பதைக் காரணம் காட்டி முயல் வேட்டைக்குக் கிளம்புவது, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மற்றொரு சாரார், நாய் நஜீஸ் என்பதால் அதைத் துன்புறுத்தலாம் என்று எண்ணுகிறார்கள். பள்ளிவாசல் பக்கம் வந்த நாயைப் பிள்ளைகள் கல்லெறிந்து விரட்டி, கால் ஒடிந்து அது ஓடுவதைக் கண்டு சிரிக்கிறார்கள். பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் முகந்து கொடுத்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டனவே! பிராணிகளுக்கு உதவினாலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு என்றல்லவா விடை கிடைத்தது! நஜீஸ் என்பது நம் தஹாரத்துக்கான சட்டம். அது நாய்க்கு விதிக்கப்பட்ட தண்டனை அன்று. குகைத் தோழர்களுடன் வாசலில் படுத்திருந்த நாயைக் குர்ஆனே நினைவுகூர்கிறது.

பாத்திரத்தில் நாய் வாய் வைத்துவிட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மூன்று முறை கழுவினால் போதும், ஏழு சிறந்தது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். நாய்க்கென்று தனிச் சட்டி வைத்துவிட்டால் இந்தச் சிரமமே இல்லை.

காவல் நாய்க்கு நிழலும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். அது மூச்சிரைத்தே பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயிலில் குறுகிய சங்கிலியில் கட்டினால் வெந்து சாகும். கழுத்துப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். உண்ணிகளைக் காது மடலிலும் விரலிடுக்கிலும் பார்த்து எடுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லெட், திராட்சை ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். பழக்குவதில் பூனைக்குச் சொன்னதே நாய்க்கும் பொருந்தும். வேட்டைப் பிராணிகளுக்கு மனிதன் கற்றுக்கொடுப்பது, அல்லாஹ் மனிதனுக்குக் கற்றுத்தந்த அறிவிலிருந்துதான் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த அறிவை அடியிலும் உதையிலுமா காட்டுவது?

இனப்பெருக்கம்

ஆறு மாதம் நிறையும் முன்னரே பெண்பூனை கருவுறக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று என்றால் எத்தனை குட்டிகளைச் சாக்கில் கட்டுவீர்கள்? நன்மையை நாடியோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்குக் காயடிப்பதில் குற்றமில்லை என்று ஃபதாவா ஆலம்கீரியில் காணப்படுகிறது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து முறையாகச் செய்யும் கருத்தடை, பிறந்த குட்டிகளைத் தெருவில் சாகவிடுவதைவிட எவ்வளவோ மேலானது. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அலட்சியம் உயிரைக் குடிக்கும்

இப்போது சொல்லப்போவதை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் பதிக்க வேண்டும். வெறிநோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும் பங்கினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவர்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடிபட்டவுடன் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இதற்கான தடுப்பூசியை முதன்முதலில் செலுத்தினார். 1907ஆம் ஆண்டு முதல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் இயங்கிவருகிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் சில ஊசிகளே.

நாய் மட்டுமன்று, பூனை கடித்தாலும், இரத்தம் வரும்படி பிறாண்டினாலும் புண்ணைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள்; அங்கு ஊசி இலவசம். ஒரு தவணைகூட விடாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு வீட்டில் இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி.

பெரும்பாலும் பிள்ளைகள் அடிக்குப் பயந்தே கடிபட்டதை மறைக்கிறார்கள். "பூனையிடம் ஏன் போனாய்?" என்று முதுகில் ஒன்று வைப்பதற்கு முன், அவன் அடுத்தமுறை சொல்லாமல் விட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். எப்போது கடிபட்டாலும் அச்சமின்றிச் சொல்லும்படி இன்றிரவே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

வளர்ப்பவரின் கடமையோ அதற்கு முன்பே தொடங்குகிறது. நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஊசியும் போட வேண்டும். தன் நாய்க்கு ஊசி போடாமல் தெருவில் விடுகிறவர், அண்டை வீட்டாரின் பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிறார். யாருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியவில்லையோ, அவரது ஈமான் பூரணமாகாது என்ற எச்சரிக்கை அவருக்கும் உரியதே.

பயன் தீர்ந்த பிறகு

ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகையில், முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்று எழுதியுள்ளார்கள். எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் பூனைகளுக்கென்றே ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்ததாக வரலாறு கூறுகிறது. நம்மால் தோட்டம் தர முடியாமற் போகலாம். கிழட்டு நாயின் சட்டியில் தண்ணீர் ஊற்ற நம்மால் முடியும். அது இறந்தால் ஆற்றில் எறியாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கொள்ளிடத்து நீரைக் குடிக்கும் ஊர்கள் பல.

பெரியோர்களே! பல்லாண்டு நம் வாசலைக் காத்த ஒரு ஜீவன் நாளை மறுமையில் நமக்குச் சாட்சியாக வருமா, எதிராக வருமா என்பது நம் கையில் இருக்கிறது. வளர்க்க இயலாவிட்டால் வளர்க்க வேண்டாம், அதில் பாவமில்லை. கட்டினால் காக்க வேண்டும். காக்க இயலாவிட்டால், காக்கும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் இரக்கத்தைத் தந்தருள்வாயாக! வாயில்லா ஜீவன்களின் முறையீட்டிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளைக் கொடிய நோய்களிலிருந்து பாதுகாப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.