பக்கத்துல உட்காருங்க, அது போதும்
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவுல நோட்டு எழுதறது நான்தான். "பையனுக்கு வீட்டுலேயே சொல்லிக் கொடுத்தியே, அதைப் பத்தி பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக பள்ளிக்கூடம் மூடினப்போ என் பையன் ஒண்ணாம் வகுப்பு. அடுத்த வருஷமும் ஆல் பாஸ். 2021-ல் மூணாம் வகுப்புப் புத்தகம் கையில கொடுத்துட்டாங்க. பஸ் ஓட ஆரம்பிச்சதும் அவனைக் கூட்டிக்கிட்டு கிருஷ்ணகிரி போனேன். திரும்பி வரும்போது பஸ் போர்டைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு, படிடா"ன்னேன். 'பர்கூர்'னு இருந்தது. "ப"ன்னு மட்டும் சொன்னான். மிச்சத்துக்கு என் முகத்தைப் பார்த்தான். நம்ம ஊர் பேரு அது. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கலை.

நான் சொல்லிக் கொடுக்கலாமான்னு யோசிச்சா பயம். நான் பத்தாவதுதான். வீட்டுல நாங்க பேசறது தெலுங்கு. எனக்கே ல, ள, ழ தடுமாறும். தப்பா சொல்லிக் கொடுத்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு மாசம் சும்மா இருந்துட்டேன்.

அப்போ எங்க தெருவுல எட்டாவது படிக்க வேண்டிய ஒரு பையன் கல் வேலைக்குப் போக ஆரம்பிச்சான். பள்ளி திறந்தா போவியாப்பான்னு கேட்டேன். "வேணாம்க்கா, சார் எழுப்பிப் படிக்கச் சொன்னா எனக்கு வராது"ன்னான். அவனுக்குப் படிப்பு வெறுத்துப் போகலை. வெட்கம். நாளைக்கு என் பையனும் இதையேதான் சொல்வான்னு தோணுச்சு. மறுநாளே ஆரம்பிச்சேன்.

முதல் வாரம் பூரா தப்புதான் பண்ணேன். மூணாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வெச்சேன். வரலைன்னா முதுகுல ரெண்டு வெச்சேன். அவன் புத்தகத்தைக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிட்டான். என் மாமியார் சொன்னாங்க, "அவன் புத்தகத்துக்குப் பயப்படலம்மா, உனக்குப் பயப்படறான்"னு. அவங்க பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனா அது சரியா இருந்தது.

அப்புறம் ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்துக்கே திரும்பிப் போனோம். சாயங்காலம் விளக்கு வெச்சதும் அரை மணி நேரம், அவ்வளவுதான். சமையல் டப்பா மேல உப்பு, புளி, பருப்புன்னு அவனையே எழுதி ஒட்டச் சொன்னேன். பஸ் போர்டுல இருக்கற கந்திகுப்பம், ஜெகதேவி, வாணியம்பாடின்னு எழுதிப் படிச்சோம். கணக்குக்குப் புளியங்கொட்டை. பத்து கொட்டை ஒரு மூடி, பத்து மூடி ஒரு டப்பா. ஒண்ணு, பத்து, நூறு அப்படித்தான் அவனுக்குப் புரிஞ்சது. எனக்குத் தெரியாததை, "அம்மாவுக்குத் தெரியலடா, டீச்சருக்கு போன் பண்ணலாம்"னு சொன்னேன். அதுல எனக்கு மரியாதை ஒண்ணும் குறையலை. கல்வித் தொலைக்காட்சி பாடத்தையும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு மறந்துபோன வகுத்தல் அதுலதான் திரும்ப வந்தது.

குழு நோட்டும் உதவுச்சு. "12 பேர் ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு கட்டினா மொத்தம் எவ்வளவு?"ன்னு கேட்பேன். அஞ்சாவது வந்தப்போ, "5,000 ரூபாய் கடனுக்கு நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னா மாசம் எவ்வளவு?"ன்னு கேட்டேன். "50"ன்னு எனக்கு முன்னாடி சொன்னான்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. எங்க குழுவுல ஒரு அக்கா கையெழுத்து மட்டும்தான் போடுவாங்க. அவங்க சாயங்காலம் நிலக்கடலை உரிச்சுக்கிட்டே பொண்ணைப் பாடத்தைச் சத்தமா படிக்கச் சொல்வாங்க. நடுவுல "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேட்பாங்க. படிச்சது புரிஞ்சாத்தானே அந்தப் பொண்ணு பதில் சொல்ல முடியும்? அதைவிட வேற என்ன பாடம் வேணும்?

2021 நவம்பர் 1-ம் தேதி சின்ன வகுப்புகள் திறந்தாங்க. என் பையன் அழாம போனான். அடுத்து 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. முதலில் தொடங்கின 12 மாவட்டத்துல நம்ம கிருஷ்ணகிரியும் ஒண்ணு. சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள்ள நம்ம ஊர் பொண்ணுங்களே தன்னார்வலரா வந்து சொல்லிக் கொடுத்தாங்க. அதுக்கும் அனுப்பினேன். வீட்டு அரை மணி நேரத்தை மட்டும் நிறுத்தலை. இப்போ மேல் வகுப்புல படிக்கிறான். முதல் மார்க் எல்லாம் இல்லை. ஆனா யாரு எழுப்பினாலும் எழுந்து நின்னு படிப்பான்.

நான் பள்ளிக்கூடம் வேண்டாம்னு சொல்லலை. ஆசிரியர் சொல்லித் தர்றதை என்னால தர முடியாது. 2010 ஏப்ரல் முதல் நடப்புல இருக்கற கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயசிலிருந்து 14 வயசு வரைக்கும் எந்தப் பிள்ளையும் வயசுக்கேத்த வகுப்புல சேரலாம். டி.சி. இல்லைன்னு சேர்க்காம இருக்கக் கூடாது. நடுவுல நின்ன பிள்ளை உங்க தெருவுல இருந்தா கூட்டிப் போய்ச் சேருங்க. எங்க தெரு பையனுக்கு அன்னைக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரியலை. அது இன்னும் மனசுல உறுத்துது.

நடக்க முடியாத, படுத்தே இருக்கற பிள்ளையை வெச்சிருக்கற தாய்மார்களும் நம்மகிட்ட இருக்காங்க. 2012-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, கடுமையான ஊனம் உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கிற உரிமையைக் கொடுத்திருக்காங்க. வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியரைக் கேளுங்க. "இவனுக்கு எதுக்குப் படிப்பு"ன்னு விட்டுடாதீங்க.

1989-ல் மகளிர் குழுத் திட்டம் தமிழ்நாட்டுலேயே முதலில் தொடங்கினது நம்ம பழைய தருமபுரி மாவட்டத்துலதான். அப்போ கைநாட்டு வெச்ச பல பேர் குழுவுக்கு வந்துதான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. நமக்கு யாரோ பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சு எழுத வெச்சாங்க இல்லையா? அதையேதான் நம்ம பிள்ளைக்கும் செய்யச் சொல்றேன். எல்லாம் தெரிஞ்ச பிறகு சொல்லித் தரலாம்னு காத்திருக்காதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் டி.வி.யை அரை மணி நேரம் அணைச்சு வெச்சுட்டு, பிள்ளை பக்கத்துல உட்காருங்க.