நகரத்து நரிகளும் நாமும்



தில்லி மாநகரின் தென்பகுதியில், முனிர்காவிலும் அதனை அடுத்த இராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. மலை மந்திர் என்று வழங்கும் சுவாமிநாத சுவாமி கோயிலுக்கு அணித்தாக வீடு அமைந்ததே ஒரு பேறு என்று நம்மவர் மகிழ்ந்து கூறுவதுண்டு. அப்பகுதியில், வண்டிகளின் இரைச்சல் சற்றே தணிந்த இரவு வேளைகளில், தெற்கேயிருந்து ஓர் ஓசை எழும். முதலில் ஒரு குரல் நீண்டு மேலெழும்பும். அதனைத் தொடர்ந்து மற்றொன்று. பின்னர்ப் பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஊரிலிருந்து புதிதாக வந்தோர் அதனைத் தெருநாயின் ஓலம் என்றே எண்ணுவர். அது நாயன்று, நரியின் ஊளை.

இந்திய நாட்டின் தலைநகரில் நரி எங்ஙனம் வந்தது என்று வியப்போர் உளர். நரி வரவில்லை; அது முன்னரே அங்கு இருந்தது. வந்தவர் நாமே. உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்றாகிய ஆரவல்லி, குசராத்திலிருந்து இராசத்தானம் வழியாக வடகிழக்கே நீண்டு, தில்லியில் தாழ்ந்த பாறைமேடாகி, யமுனையின் அருகே முடிவடைகிறது. இம்மேட்டினை ரிட்ஜ் என்பர். அது இன்று ஒரே காடாக இல்லை. சாலைகளாலும் குடியிருப்புகளாலும் துண்டுபட்டுக் கிடக்கிறது. அத்துண்டுகளுள் ஒன்று, குதுப்மினாருக்கு அணித்தாக ஏறத்தாழ 780 ஏக்கர் பரப்பில் அமைந்த சஞ்சய் வனம். பழைய லால்கோட், கிலா ராய் பித்தோரா ஆகிய கோட்டைகளின் மதில் எச்சங்களை அதனுள் காணலாம். அதனை அடுத்திருப்பது 1969ஆம் ஆண்டு தோன்றிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பெருவளாகம். அதற்கு வடக்கே முனிர்கா. ஒரு காலத்தில் உழவர் கிராமமாக இருந்த முனிர்காவின் விளைநிலங்களின்மீதே அரசு ஊழியர் குடியிருப்புகளும் கல்வி நிலையங்களும் எழுந்தன. அந்நிலங்களில் கோதுமையும் கடுகும் விளைந்த நாளிலும் நரி வரப்பு வழியே நடந்திருக்கும். இன்றும் அது நடக்கிறது, வரப்புத்தான் மறைந்துவிட்டது.

அக்காட்டினுள் புகும் தமிழர்க்கு முதலில் கண்ணிற் படுவது பழகிய மரமே. இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளை மூடி நிற்கும் அதே சீமைக்கருவேலம், இங்கு ‘விலாயதி கீக்கர்’ என்னும் பெயரோடு பாறைமேடெங்கும் பரவியுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில், புதிய தலைநகரைச் சூழ்ந்த மேட்டினைப் பசுமையாக்கும் பொருட்டு நட்டு வளர்க்கப்பட்ட மரம் இது. அதனிடையே இலந்தையும் உண்டு. இலந்தைப் பழம் நரிக்கு உவப்பான உணவு. உண்டு, கொட்டையை வேறிடத்திற் கழித்து, அம்மரம் பரவவும் துணைபுரிகிறது.

நரி நமக்கு அயலான விலங்கன்று. நரிமேடு, நரிக்குடி, நரிப்பையூர் என நம் ஊர்ப் பெயர்களிலேயே அது வாழ்கிறது. நரி முகத்தில் விழித்தால் நன்மை வரும் என்பது நம் நாட்டுப்புறத்தார் நம்பிக்கை. இந்நம்பிக்கையே நரியினத்திற்குத் தீங்காய் முடிந்ததும் உண்டு. சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பகுதியில், பொங்கலையொட்டி வங்காநரி எனப்படும் குள்ளநரியைப் பிடித்து வந்து, ஊர்கூடிக் கண்டு, ஓடவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமாதலின், வனத்துறையினர் அதனைத் தடுத்து, மீறினோர்க்கு அபராதமும் விதித்துள்ளனர். ஓநாய், நரி, குள்ளநரி என்பன வெவ்வேறு இனங்கள் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் நலம். தில்லியில் ஊளையிடுவது நரி. வடமொழியாளர் இதனைச் ‘சிருகாலம்’ என்றனர்; அச்சொல்லே பாரசீகத்தில் ‘ஷகால்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜாக்கால்’ ஆயிற்று.

நரியின் இல்வாழ்க்கை நாம் கதைகளில் கேட்டதினின்றும் பெரிதும் வேறானது. ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்ந்து, தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். மாலை ஊளை, அவ்வெல்லையை அண்டையார்க்கு அறிவிக்கும் முறை. ஏறத்தாழ 63 நாள் சூல் சுமந்து ஈன்ற குட்டிகளைத் தாயும் தந்தையும் சேர்ந்தே வளர்க்கும். முன் ஈற்றுக் குட்டிகளுட் சில, வளர்ந்த பின்னும் உடன் தங்கித் தம் இளையவற்றைப் பேணுவதும் உண்டு. எலி, பூச்சி, பறவை, பழம், செத்த விலங்கு ஆகிய யாவும் அதன் உணவு. எடையோ பெரும்பாலும் 8 முதல் 11 கிலோ வரையே. கொழுத்த தெருநாயைவிடச் சிறிதான இவ்விலங்கு, வளர்ந்த மனிதனைக் கண்டால் விலகிச் செல்வதே இயல்பு.

சென்ற தை மாதத்து ஒரு காலைப் பொழுதில், மூடுபனி விலகிக்கொண்டிருந்த வேளையில், எங்கள் குடியிருப்பினர் சிலர் குழந்தைகளோடு அவ்வனத்தில் நடந்து சென்றோம். முனிர்காவின் பழங்குடியினரான முதியவர் ஒருவரும் வழித்துணையாக வந்தார். பாதையின் வளைவில், இருபது அடி தொலைவில், நரி ஒன்று நின்றது. அதுவும் நின்றது, நாங்களும் நின்றோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “பாவம், பசிக்கும்” என்று கூறித் தன் கையிலிருந்த பிஸ்கோத்தை எறியப் போனாள். முதியவர் அவள் கையை மெல்லப் பற்றினார். இந்தியில் அவர் கூறியதன் கருத்து இது: “வேண்டாம் மகளே. இன்று அது உன் கையைப் பார்க்கும்; நாளை எல்லார் கையையும் பார்க்கும்.” சிறிது நேரத்தில் நரி புதருக்குள் சென்று மறைந்தது. சிறுமிக்கு மனத்தாங்கல்தான். ஆயினும் காட்டு விலங்கோடு வாழும் கலையின் முதற்பாடம் அம்முதியவரின் சொல்லில் அடங்கியிருந்தது.

பிற உயிரிடத்து அன்பு பாராட்டுதல் நம் மரபு. காக்கைக்குச் சோறிடாமல் உண்ணாத வீடுகள் இன்றும் உள்ளன. அப்படியிருக்க, நரிக்கு உணவிடுதல் ஏன் ஆகாது? மனிதன் தரும் உணவை ஒருமுறை உண்ட காட்டு விலங்கு, மனிதனுக்கு அஞ்சுவதை மெல்ல மெல்ல விடும். அச்சம் நீங்கிய விலங்கு வாயிலை நெருங்கும். என்றேனும் ஒரு நாள் உணவு கிடைக்காதபோது, உணவை எதிர்பார்த்த வாய் குழந்தையின் கையைக் கடிக்கும். அதன்பின் நிகழ்வது யாது? “நரியைப் பிடி, புதரை வெட்டு, காட்டை அழி” என்ற கூக்குரலே எழும். முதலில் உணவிட்டவர் அப்போது அங்கு இரார். ஒருவரின் ஒரு நாள் இரக்கத்திற்குக் குழந்தையும் நரியும் காடும் விலை கொடுக்க நேரும்.

நரியின் பெரிய உறவினனாகிய ஓநாயின் வரலாறு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். இந்திய ஓநாய்கள் இன்று நாடெங்கும் ஏறத்தாழ 3,000 அளவிலேயே எஞ்சியுள்ளன என்பது ஆய்வாளர் கணிப்பு. புலியைப் போல அடர்ந்த காட்டை நாடாது, புல்வெளியிலும் தரிசிலும் மேய்ச்சல் நிலத்திலும் வாழ்வதால், ‘வீண் நிலம்’ என்று நாம் எழுதி வைத்த இடங்களே அதன் வீடு. அவை குறையக் குறைய அதுவும் குறைந்தது. 2025 மே மாதத்தில், தில்லியின் வட எல்லையிலுள்ள பல்லா என்னும் ஊரருகே, யமுனைக் கரையில், ஓநாயின் தோற்றமுடைய விலங்கு ஒன்று படம்பிடிக்கப்பட்டது. நாய்க் கலப்பு இருக்கக்கூடும் என்று அறிஞர் சிலர் ஐயுற்றனர். எனினும் தலைநகரத்தார் பலர் அன்றுதான் ஓநாயைப் பற்றிச் சிந்தித்தனர்.

ஓநாயை முற்றும் தீங்கற்றதென்று கூறுவதும் உண்மையாகாது. 2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில், உத்தரப் பிரதேசத்துப் பஹராயிச் மாவட்டச் சிற்றூர்களில் ஓநாய்கள் தாக்கிக் குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். கதவில்லாத வீடுகளும், திறந்த வெளியில் உறங்கும் வறுமையும் அத்துன்பத்தைப் பெருக்கின. மகவை இழந்த தாயிடம் சென்று வனவிலங்கின் பெருமையை யார் பேசுவது? அவ்வூர்கட்கு முதலில் வேண்டியவை கதவும் விளக்கும் காவலுமே. விலங்கோடு கூடிவாழ்தல் என்பதன் செலவு முழுவதும் ஏழையின் தலையில் விழுமாயின், அது நீதியும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது.

வெளிநாட்டு நடைமுறை ஒன்றையும் காண்போம். அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1920களில் ஓநாய்கள் கொன்று ஒழிக்கப்பட்டன. தம் செயலின் விளைவை உணர்ந்த அந்நாட்டார், 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொணர்ந்து மீண்டும் அங்கு விட்டனர். அங்கே செல்லும் பயணிகட்கு ஒரு விதி உண்டு: ஓநாய்க்கு 100 கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர், தொலைவிலேயே நிற்றல் வேண்டும், எந்த விலங்கிற்கும் உணவிடுதல் கூடாது. பல்லாயிரம் மக்கள் வந்து போகும் இடத்தில் ஓநாய் காட்டு விலங்காகவே வாழ இத்தொலைவு துணைநிற்கிறது.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதிதன்று. தென்பாண்டிச் சீமையில் கிடை போடும் கீதாரிகள், இளங்குட்டிகளை ஓலையால் முடைந்த கூட்டுக்குள் அடைத்து, நாயைக் காவல் வைத்து, முறைபோட்டு விழித்திருந்தனர். நரியை வெறுத்து ஊரூராய் வேட்டையாடுவதைவிடத் தம் கிடையைக் காப்பதையே அன்றாடத் தொழிலாகக் கொண்டனர். இன்று கிடையின் இடத்தில் நமக்கு இருப்பது குப்பைத்தொட்டி. ஆட்டுக்குட்டியின் இடத்தில் வீட்டு நாய்.

ஆதலின் காட்டோரம் வாழ்வோர் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிப்போம். நடக்கச் செல்வோர் விடிந்த பின்னரே செல்க, துணையோடு செல்க. நரி எதிர்ப்பட்டால் ஓடற்க; ஓடுவதைத் துரத்துதல் நாயினத்தின் இயல்பு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகம் அதனை நோக்கியிருக்க, மெல்லப் பின்வாங்குக. அது நெருங்குமாயின் கையை உயர்த்தி உரக்கக் குரல் கொடுத்தல் போதும். படம் எடுக்கும் ஆவலில் பின்தொடர வேண்டா. குட்டிகள் உள்ள வளைக்கு அருகே செல்லவும் வேண்டா. வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்க. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாது போடுக. நாய்க்கு வரும் கொடுநோய்கள் நரிக்கும், நரிக்கு வருபவை நாய்க்கும் தொற்றும். மிச்சச் சோற்றையும் இறைச்சிக் கழிவையும் காட்டு மதிலோரம் கொட்டாது, மூடிய தொட்டியில் இடுக.

மற்றொன்றை எவரும் மறத்தலாகாது. பகலில் அச்சமின்றித் தள்ளாடி வரும் நரியோ நாயோ நோயுற்றதாக இருக்கலாம். அதனை அணுகாது வனத்துறையினர்க்குத் தெரிவிக்க. கடியோ கீறலோ பட்டால், உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். மஞ்சளும் மிளகாயும் அப்பி நாளைக் கடத்தினால் உயிருக்கே கேடாகும். வெறிநோய் முற்றிய பின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை.

மாணிக்கவாசகர் வரலாற்றில், நரிகள் பரிகளாகிப் பாண்டியன் அவைமுன் வந்து நின்றதும், இரவில் மீண்டும் நரிகளாகிக் காட்டை நோக்கி ஓடியதும் நாம் அறிந்தனவே. நரியைப் பரியாக்குதல் இறைவனால் ஆவது. அங்கும் பரி மீண்டும் நரியேயாயிற்று. நம்மால் ஆவது, நரியை நரியாகவே இருக்கவிடுதல். ஊர்விட்டு ஊர் வந்து, வேற்று மொழியாரின் நடுவே, அவரவர் வாயிலை அவரவர் காத்து, அண்டையாரோடு இணங்கி வாழக் கற்றவர் நாம். அதே முறையைக் காட்டின் அண்டையார்க்கும் காட்டுவோமாக. வீட்டில் குப்பைத்தொட்டி மூடியிருப்பதும், காட்டில் அவற்றின் நிலம் குறையாதிருப்பதும் ஆகிய இவ்விரண்டும் நடந்தால், முனிர்காவில் நம் பேரப்பிள்ளைகளும் அவ்வூளையை அச்சமின்றிக் கேட்டு உறங்குவர்.