முதல் பிழையை மட்டும் பாருங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்க" என்றார் செயலாளர். பெரிய விஷயங்களைப் பேச இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். முதலாண்டு மாணவன் ஒருவன் சி மொழியில் பதினைந்து வரி எழுதி கம்பைல் பண்ணுகிறான். திரையில் பதினேழு பிழை வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவன் என்ன செய்கிறான்?

உத்தமபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பம், சின்னமனூர், போடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: அவன் அந்தத் திரையைப் படிப்பதே இல்லை. பக்கத்துப் பையனைக் கூப்பிடுவான். அவன் ஒரு செமிகோலனைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். இப்போது அந்தப் பக்கத்துப் பையன் வேலையைச் செல்போனில் இருக்கும் ஏ.ஐ. பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவர்களில் பலர் தமிழ் வழியில் வந்தவர்கள். பதினோராம் வகுப்புப் பாடநூலில் 2018-இல் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் 2019-இல் பைத்தான் வந்தன. தொடரியல் பிழை, நிரல்பெயர்ப்பி என்ற சொற்களெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஆனால் திரையில் வருவது இங்கிலீஷ். தன்னைத்தான் திட்டுகிறது என்று நினைத்துக் கண்ணை எடுத்துவிடுகிறார்கள்.

போடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. கணக்கில் கெட்டிக்காரி. அப்பா அம்மா இருவரும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். நாலு வாரத்தில், "சார், எனக்கு இது வராது. வேற பாடத்துக்கு மாத்திக்கிறேன்" என்று விண்ணப்பமே எழுதிக்கொண்டு வந்துவிட்டது. அன்றைய பயிற்சி ஏலக்காய் எடையையும் விலையையும் பெருக்கித் தொகை காட்டுவது. நான் கீபோர்டைத் தொடவில்லை. "ஏம்மா, முதல் பிழையை மட்டும் சத்தமாப் படி" என்றேன். எழுத்துக்கூட்டிப் படித்தது. 'தொகை' என்ற பெயரை மேலே அறிவிக்கும்போது 'டி'க்குப் பின் 'ஹெச்' போட்டிருக்கிறது. கீழே பயன்படுத்தும்போது 'ஹெச்' இல்லை. கம்பைலரைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஆள். செய்தியின் கடைசியில் 'டிட் யூ மீன்' என்று போட்டுச் சரியான பெயரையும் அதுவே எழுதியிருந்தது. "சார், இதைத்தான் சொல்ல வந்தியான்னு கேக்குது சார்!" என்று அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! விண்ணப்பம் என் பையில்தான் இருக்கிறது, திருப்பிக் கேட்கவில்லை.

இந்தப் பிழை நம் பிள்ளைகளுக்கென்றே வருகிற பிழை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத ஒரே முறை என்று நமக்குக் கிடையாது. ஒருவர் வீட்டுப் பத்திரிகையிலேயே மாப்பிள்ளை பெயர் இரண்டு விதமாக இருக்கும்! ஆகவே பெயரை ஒருமுறை தாளில் எழுதி வைத்துக்கொண்டு தட்டச் சொல்கிறேன்.

சரி, பதினைந்து வரிக்குப் பதினேழு பிழை எப்படி வருகிறது? அதற்கு ஒரு பழங்கதை உண்டு. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952-இல் முதல் கம்பைலர் ஒன்றை உருவாக்கினார். அதற்குப் பின் வந்த அட்டைக் காலத்தில், துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முடிவு வரப் பல மணி நேரம், சில இடங்களில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பிழையோடு நிறுத்தினால் ஒரு நாள் போச்சு. அதனால் ஒன்றைக் கண்டதும் ஊகித்துக்கொண்டு மேலே படித்து, கிடைத்ததையெல்லாம் சொல்லும்படி கம்பைலர்களைச் செய்தார்கள். ஊகம் தப்பினால் நல்ல வரிகளும் பிழையாகத் தெரியும். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. முதல் பிழையைத் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணினால் பதினேழு மூன்றாகிவிடும்.

அடுத்தது வரி எண். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என் வயலிலேயே நின்றுகொண்டா பார்ப்போம்? வாய்க்காலோடு மேலே நடப்போம். ஏழாவது வரியில் பிழை என்றால் ஆறாவது வரியின் கடைசியையும் பார்க்க வேண்டும். சி மொழிக்கு வரி முடிவது ஒரு பொருட்டில்லை. செமிகோலன்தான் அதற்கு முற்றுப்புள்ளி. அது விட்டுப்போனது, அடுத்த வரியின் முதல் சொல்லைப் படித்த பிறகுதான் அதற்கே தெரியும். நம்மில் பலர் பழகிய டர்போ சி அந்த அடுத்த வரியைத்தான் காட்டும். ஜி.சி.சி. 2018-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பல நேரம் விட்டுப்போன இடத்தையே சுட்டுகிறது. பைத்தானும் 2021-இல் வந்த 3.10-இலிருந்து, திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகவே சொல்கிறது. கருவிகள் திருந்திவிட்டன. படிக்க ஆள் வேண்டும்.

பழைய ஜெராக்ஸ் நோட்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் முதல் வரியிலேயே 'கோனியோ' கோப்பு இருக்கும். அது டர்போ சி-யோடு வந்தது. லினக்ஸில் ஜி.சி.சி. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அங்கேயே நின்றுவிடும். பையன் தன் மீதுதான் தப்பு என்று நினைப்பான். இன்னொன்று, வேர்டில் அடித்து அனுப்பிய நோட்ஸ். அதில் மேற்கோள் குறி வளைந்திருக்கும். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் 'ஸ்ட்ரே', 342, 200, 234 என்று எண்ணாக வரும். பார்த்தால் பயமாக இருக்கும். மேற்கோள் குறியை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டினால் போதும்.

இந்த மாதிரிச் செய்திகள் ஒரு முப்பதைத் தமிழில் பொருள் எழுதி லேப் சுவரில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். அதற்கும் ஞாயிறு வகுப்புக்கும் நம் பழைய மாணவர்களில் நாலு பேர் வேண்டும். பெரிய வேலையில் இருந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் பக்கத்தில் ஒரு மணி நேரம் கீபோர்டில் கை வைக்காமல் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்! முடிகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுங்கள்.