குளமும் ஒரு திருப்பணியே
(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் சுருக்கம்)



கோயில் குளம் என்று இணைத்துச் சொல்வது நம் வழக்கு. அவ்விணைப்பின் பொருளைத் திருமயிலையிற் காணலாம். கபாலீசுவரர் திருக்கோயிலுக்கு மேற்கே திருக்குளம், அருகே மாடவீதிகள், வீதிதோறும் மனைகளும் கடைகளும். வீதியிற் பெய்த மழை குளஞ்சேர்ந்தால், மண்ணுள் இறங்கி அண்டை வீட்டுக் கிணறுகளில் ஊறும். தைப்பூசத்தையொட்டித் தெப்பம் மிதப்பதும் அந்நீரிலேதான். குளம் வற்றினால் வழிபாடும் வாழ்வும் ஒருங்கே வாடும். இவ்வாறு நீரை நடுவில் வைத்தே நம் முன்னோர் ஊர் அமைத்தனர்.

பின்வந்த நாம் அதனை மறந்தோம். மாம்பலத்து நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்படலாயிற்று. அங்கே தியாகராய நகர் எழுந்தது. 2015-ல் சென்னையின் வீடுகளில் வெள்ளம் புகுந்தது; 2019-ல் அதே நகரத்து மக்கள் குடத்தோடு தண்ணீருக்குக் காத்து நின்றனர். பெய்யும் மழைக்கு இடமளியாத ஊருக்கு மிகுதியும் துன்பம், குறைவும் துன்பம். 2003-ல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் குழாய் அமைக்கச் செய்யும். அதனைத் துப்புரவாய்க் காப்பது வீட்டார் கடமை.

இன்று கோபுரக் கலசங்களுக்குப் புனிதநீர் முழுக்காட்டினோம். வழிந்த அந்நீர் குளஞ்சேர வழியுண்டா என்று நோக்குவீர்களாக. கோபுரத்துக்குப் பொருள் ஈந்த அன்பர்கள், வரத்துக்காலைத் தூர்வாரவும், கழிவுநீர் கலவாது காக்கவும் ஈதல் வேண்டும். அங்கே பெயர் பொறிக்கக் கல் இராது. ஆயினும் அதுவும் திருப்பணியே. திருவருள் துணை நிற்பதாக!