முத்திரையும் மந்திரமும்

(மகா கும்பாபிடேக விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



கல்லால மரத்தின் நிழலிலே தென்முகம் நோக்கி எழுந்தருளிய பெருமான், சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் முனிவர் நால்வர்க்கும் மெய்ப்பொருளை உணர்த்தியருளிய வரலாறு யாவரும் அறிந்ததே. வேதங்களை ஓதியும் மனம் ஒடுங்கப்பெறாத அந்நால்வர்க்கும் பெருமான் அந்நிலையில் சொல்லொன்றும் அருளினாரல்லர். வலத் திருக்கரத்தின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றுகூட, ஏனைய விரல் மூன்றும் விலகி நிற்குமாறு காட்டியருளினார், அவ்வளவே. நால்வரும் ஐயம் தீர்ந்து அமைந்தனர். சைவர் போற்றும் மௌன உபதேசம் கையினால் நிகழ்ந்த உபதேசம் என்பது இதனாற் பெறப்படும்.

அச்சின்முத்திரையின் பொருளைப் பெரியோர் விளக்குவர். பெருவிரல் பதி, சுட்டுவிரல் பசு, ஏனைய மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். சுட்டுவிரல் இயல்பாக அம்மூன்றோடு கூடியே நிற்கிறது. அவற்றை விட்டு வளைந்து பெருவிரலின் அடியைச் சார்ந்த அளவிலே அதற்கு வீடுபேறு. சித்தாந்த நூல்கள் பல நூறு பாடல்களால் விரித்த பொருள் ஐந்து விரலுக்குள் அடங்கிவிட்டது. இத்தகைய கைக்குறியே முத்திரை எனப்படுவது.

முத்திரை என்னும் சொல்லுக்கு வடநூலார், மகிழ்விப்பது என்றும் தீமையை ஓட்டுவது என்றும் பொருள் கூறுவர். தமிழ்வழக்கிலோ முத்திரை என்றால் அரசனுடைய இலச்சினையும் ஆகும். எழுதிய ஓலைக்கு இலச்சினை இட்டபின்னரே அது செல்லுபடியாகும். அதுபோலச் சொல்லிய மந்திரத்திற்குக் கை இடும் இலச்சினை முத்திரை என்று கொள்வதும் பொருந்தும்.

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று கரணங்களாலும் செய்யப்படுவது வழிபாடு. மனத்திற்கு உரியது பாவனை. வாக்கிற்கு உரியது மந்திரம். காயத்திற்கு உரியது கிரியை. அக்கிரியையின் நுண்ணிய வடிவமே முத்திரை. இம்மூன்றும் ஒரே கணத்தில் ஒரே பொருளின்மேற் செல்லுதல் வேண்டும். வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்ய, மனம் கடைத்தெருவில் உலாவுமாயின், அங்கே மூவர் மூன்று வேலை செய்கின்றனரேயன்றிப் பூசை செய்வார் ஒருவரும் இல்லை. முத்திரையைக் கற்றல் என்பது விரலை வளைக்கக் கற்றல் அன்று. சிதறிக் கிடக்கும் மூன்றையும் ஒன்றாக்கக் கற்றலே என்க.

இக்கல்வி எங்ஙனம் தொடங்குகிறது என்பது சிந்திக்கத்தக்கது. சமய தீக்கையிலே ஆசாரியர் தமது வலக்கையில் மந்திரங்களை நியாசம் செய்து, அங்கே சிவபெருமானைப் பூசித்து, அக்கையைச் சிவனது கையாகவே பாவித்து மாணாக்கன் தலைமீது வைத்தருளுவர். இதனைச் சிவஹஸ்தம் என்று ஆகமங்கள் கூறும். ஆகவே, மாணாக்கன் தன் கையால் ஒரு முத்திரையும் செய்யக் கற்பதற்கு முன்னரே, குருவின் கை அவன் தலைமேல் இருக்கின்றது. கையிலிருந்து கைக்கு வருவது இக்கல்வி. நான்கு பாதங்களுள் கிரியை நெறியைச் சற்புத்திர மார்க்கம், அதாவது மகன்மை நெறி என்று பெரியோர் வகுத்த பொருத்தமும் இதனாற் புலனாகும். தந்தையின் தொழிலை மைந்தன் அருகிருந்து கைப்பழக்கத்தாற் பெறுவது உலகியல்பு அன்றோ?

அதன்பின் கற்பிக்கப்படுவது கரநியாசம். அத்திர மந்திரத்தாற் கைகளைத் தூய்மை செய்துகொண்டு, பெருவிரலில் ஈசானம், சுட்டுவிரலில் தற்புருடம், நடுவிரலில் அகோரம், மோதிரவிரலில் வாமதேவம், சிறுவிரலில் சத்தியோசாதம் என்று ஐந்து பிரம மந்திரங்களையும் முறையே வைத்தல் வேண்டும். பெருவிரலுக்குச் சுட்டுவிரலும், ஏனைய நான்கிற்குப் பெருவிரலும் கருவியாகும். இவ்வாறு மந்திரமயமான கையினாலே, தலையில் ஈசானம், முகத்தில் தற்புருடம், இருதயத்தில் அகோரம், குய்யத்தில் வாமதேவம், பாதத்தில் சத்தியோசாதம் எனத் தன் உடம்பில் நியாசம் செய்துகொள்வர். பின்னர் இருதயம், சிரசு, சிகை, கவசம், நேத்திரம், அத்திரம் என்னும் ஆறு அங்க மந்திரங்களும் நம:, ஸ்வாஹா, வஷட், ஹும், வௌஷட், பட் என்னும் முடிவுகளோடு உரிய இடங்களில் அமையும். இது சகளீகரணம் எனப்படும்.

இவையெல்லாம் எதன் பொருட்டு எனின், சிவமாகியே சிவனைப் பூசித்தல் வேண்டும் என்பது ஆகமத்தின் துணிபு. ஊனும் உதிரமும் ஆகிய இக்கையால் இறைவனைத் தீண்டத் தகுதி யாது? அத்தகுதியை அவன் மந்திரமே தரவேண்டும். கைக்குப் பெருமை கையால் வந்ததன்று. அதில் வைக்கப்பட்டதனால் வந்தது. இவ்வுணர்ச்சி உள்ளவனுக்குச் செருக்கு உண்டாகாது.

இனி, இறைவனை எழுந்தருளச் செய்யும் முத்திரைகள் நான்கு. இரு கைகளையும் மேல்நோக்கிக் குவித்து, பெருவிரல்கள் மோதிரவிரல்களின் அடியைத் தொட ஏந்துவது ஆவாகனம். அக்கைகளையே கீழ்நோக்கித் திருப்புவது தாபனம். இரு கைகளையும் முட்டியாக மடித்துச் சேர்த்துப் பெருவிரல்களை நிமிர்த்துவது சந்நிதானம். அப்பெருவிரல்களை முட்டியின் உள்ளே அடக்குவது சந்நிரோதனம்.

இங்கே ஒரு வினா எழும். இறைவன் எங்கும் நிறைந்தவன். அவனை ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்கு அழைப்பதும், இருத்துவதும், போகாதபடி தடுப்பதும் எங்ஙனம் கூடும்? இவ்வினாவைப் பத்ததி செய்த ஆசாரியர்களே எடுத்துக்கொண்டு விடை கூறினர். 11ஆம் நூற்றாண்டினராகிய சோமசம்பு சிவாசாரியர், ஆவாகனம் என்பது அன்போடு அவன் திருமுன் நேர்ப்படுதல் என்றும், தாபனம் என்பது பத்தியினால் அவனை நிலைபெறுத்துதல் என்றும், சந்நிதானம் என்பது நான் உன்னுடையேன் என்று தன்னைப் புலப்படுத்துதல் என்றும், சந்நிரோதனம் என்பது பூசை முடியுந்துணையும் அச்சந்நிதி குறையாதிருத்தல் என்றும் கருத்துரைத்தனர். இதனை நோக்குங்கால், அழைக்கப்படுபவன் இறைவன்போலத் தோன்றினும், உண்மையில் அழைத்து வரப்படுவது வழிபடுவோனுடைய மனமே என்பது தெளிவாகும். ஓடுவது இறைவன் அல்லன்; ஓடுவது மனம். முட்டிக்குள் அடங்கும் பெருவிரல் அதனையே அடக்குகிறது.

மற்றொரு முத்திரையும் இங்கே சொல்லத்தக்கது. திருமஞ்சன நீரையும் நிவேதனப் பொருளையும் அமுதமாகப் பாவிக்கும்போது காட்டப்படும் தேனு முத்திரை பசுவின் மடியைக் குறிப்பது. ஒரு கையின் சிறுவிரல் மற்றைக் கையின் மோதிரவிரலையும், ஒரு கையின் சுட்டுவிரல் மற்றைக் கையின் நடுவிரலையும் தொட, நான்கு காம்புகள் தோன்றும். இவ்வாக்கியத்தைப் படித்தவுடன் தம் கையில் அதனைச் செய்து பார்க்க முயலும் அன்பர், விரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதைக் காண்பர். வாக்கியத்திற் பிழையில்லை, விரலிலும் பிழையில்லை. ஆயினும் எழுத்து விரலுக்குள் இறங்குவதில்லை. பாடசாலையிலே ஆசிரியர் சிறுவனுடைய சிறுவிரலைத் தம் விரலாற் பற்றி, இது இங்கே என்று வைத்துக் காட்டுவார். மறுநாள் அது நழுவும், மீண்டும் வைப்பார். சில திங்களில் விரல் தானே சென்று அமையும். அதன்பின்னரே மனம் விரலை விட்டுப் பாலமுதத்தை நினைக்க இடமுண்டாகும். பழக்கம் பாவனைக்குப் பகை என்று நினைப்பவர் உளர். பழக்கமே பாவனைக்கு இடம் செய்து தருவது என்பதை இச்சிறுவன் கையிற் காணலாம்.

அற்றேல், கண்ணப்ப நாயனாருக்கு முத்திரை கற்பித்தவர் யார் என்று கேட்கலாம். நல்ல வினாவே. வாயில் நீரும், தலையில் மலரும், கையில் ஊனும் ஏந்திச் சென்ற அப்பெரியாருக்கு நியாசமும் இல்லை, பத்ததியும் இல்லை. ஆயினும் மனமும் வாக்கும் காயமும் அவர்பால் இரண்டாகப் பிரிந்த கணமே இல்லை. முத்திரை எதனை உண்டாக்கும் பொருட்டு விதிக்கப்பட்டதோ, அது அவரிடத்தே முன்னமே நிறைந்து கிடந்தது. தம் கண்ணைத் தோண்டப் புகுந்த அவர் கையை, இலிங்கத்தினின்றும் வெளிப்பட்ட பெருமானது திருக்கை பற்றிக்கொண்டது. மறுபுறம், ஆகம வழியிற் பூசித்த சிவகோசரியாரைப் பெருமான் வெறுத்தாரும் அல்லர்; கனவில் உணர்த்தி, மறைந்திருந்து காணச் செய்து, அன்பின் எல்லையைக் காட்டி அவரையும் ஆட்கொண்டார். ஆகவே, அன்பு வந்தபின் விதி தானே கழலும். அன்பு வருமுன் நாமே விதியைக் கழற்றுதல் ஆகாது.

இதற்குப் பூசலார் நாயனார் வரலாறும் சான்று. பொருள் இல்லாமையால் திருநின்றவூரிலே மனத்தாற் கோயில் எடுத்த அவர், நினைத்த மாத்திரத்தில் கோயில் முடிந்தது என்று விட்டாரில்லை. நல்ல நாளில் அடிநிலை இட்டார்; உபானம் முதற் சிகரம் வரை படிப்படியாக நினைந்தார்; தூபி நட்டார்; கிணறும் குளமும் மதிலும் அமைத்தார்; தாபனத்திற்கு நாளும் குறித்தார். காடவர்கோன் காஞ்சியிற் கற்றளிக்குக் குறித்த நாளும் அதுவே. பெருமான் அரசன் கனவில் தோன்றி, அன்பர் கோயிலிற் புகவேண்டியிருத்தலின் நாளை மாற்றுக என்று பணித்தருளினார். மனத்தால் மட்டுமே வழிபட்டவரும் முறையிலே ஒரு படியையும் தாண்டவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

தீக்கை பெறாத அன்பர்க்கு இவற்றிற் பங்கு யாது எனின், பங்கு உண்டு. தலைமேற் குவித்த கையும் ஒரு முத்திரையே. தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயங்கள் இரண்டு என்னும் எட்டுறுப்பும் நிலத்திற் பொருந்த ஆடவரும், தலை, கையிரண்டு, முழந்தாள் இரண்டு என்னும் ஐந்துறுப்பும் பொருந்த மகளிரும் வணங்கும் வணக்கங்கள் உடம்பு முழுவதையும் முத்திரையாக்குவன. மந்திரம் வேண்டின் திருவைந்தெழுத்து இருக்கிறது. குருவினிடம் விதிப்படி பெறுக. சண்டேசுரர் சந்நிதியிற் சிலர் செவிப்புலன் குறைந்தவரை எழுப்புவார்போல உரக்கக் கை தட்டுகின்றனர். சிலர் ஆடையின் நூலைப் பிரித்து இடுகின்றனர். அங்கே விதிக்கப்பட்டது தாளத்திரயம். வலக்கையின் நடுவிரல் மூன்றினாலும் இடவுள்ளங்கையில் மெல்ல மும்முறை தட்டிச் சிவதரிசனப் பயனைத் தந்தருளுமாறு வேண்டுதல். பொருள் அறியாது செய்யின் நல்ல முத்திரையும் நகைக்கிடமாகும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

நிறைவாக, திருப்பணி அன்பர்களின் திருமுன் ஒரு விண்ணப்பம். ஆகமச் சுவடிகள் இன்று பெரிதும் காக்கப்படுகின்றன. சோமசம்பு பத்ததி புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தால் 1963 முதல் 1998 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. மகிழத்தக்க செய்திகளே. ஆயினும் ஏட்டிற் காக்கப்படுவது சொல். விரலின் அமைதி ஏட்டில் இல்லை. அது ஆசிரியன் கையில் இருக்கிறது, அவனோடு மறையும். ஒரு தலைமுறை கற்பியாது விடுமாயின், அடுத்த தலைமுறை ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு விரலைப் பின்னிக்கொண்டு நிற்கும்.

இக்கும்பாபிடேகத்திலே கோபுரம் புதுக்கப்பட்டது. கலசம் பொன்போல் விளங்குகிறது. யாகசாலையினின்று மூலவர்வரை இழுக்கப்பட்ட நாடிசந்தான இழையை அன்பர்கள் கண்டிருப்பர். கும்பத்தில் நிறைந்த மந்திர ஆற்றலை மூர்த்தியோடு இயைப்பது அவ்விழை. அதுபோன்ற மற்றோர் இழையும் உண்டு. அது குருவின் கையையும் மாணாக்கன் கையையும் இயைப்பது. கோபுரத்தைப் 12 ஆண்டிற்கு ஒருமுறை புதுக்கலாம். இவ்விழை நாள்தோறும் புதுக்கப்பட வேண்டும். அதற்குச் செலவு மிகுதியன்று. ஒரு பாடசாலை மாணாக்கனுக்கு உணவும் உடையும், ஓர் ஆசிரியருக்குக் கவலையில்லாத வாழ்வும் போதும். கல்லிற் பெயர் பொறிக்கப்படாத திருப்பணி இது. ஆயினும், இருபதாண்டு கழித்துத் திரைக்குப் பின்னே ஒரு சிவாசாரியருடைய விரல்கள் பிழையின்றி ஆவாகன முத்திரையில் அமையும்போது, அக்கையிலே இன்று கொடுத்தவருடைய கையும் இருக்கும்.

கல்லாலின் நிழலிற் கையாற் பேசிய பெருமான் அக்கைகளைக் காத்தருள்க!

திருச்சிற்றம்பலம்.