சீணத்துக்கு டப்பா வாங்கும் முன்னே

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், தவணை, வரவு செலவு எல்லாம் பேசி முடித்தாயிற்று. மீதி நேரத்தில் நம் உடம்பைப் பற்றிப் பேசலாம். எந்தக் குழுவுக்குப் போனாலும் நாங்கள் கேட்கிற முதல் பேச்சு, "ஒரே சீணமா இருக்கு மயினி, காலைல எழும்பவே முடியல்ல" என்பதுதான். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்களும் சொல்கிறார்கள், அண்டி ஆலைக்குப் போகிறவர்களும் சொல்கிறார்கள், வீட்டிலே இருந்து பேரப்பிள்ளை பார்க்கிற அக்காமாரும் சொல்கிறார்கள்.

இந்தச் சீணத்தை நம்பி இப்போது ஒரு வியாபாரமே நடக்கிறது. டப்பாவில் பொடி, குப்பியில் மாத்திரை. "சோர்வு போகும், மனக்கவலை மாறும், நல்ல உறக்கம் வரும், எல்லாம் மூலிகை, ஒரு கெடுதலும் இல்லை" என்று வீடு வீடாகச் சொல்லி விற்கிறார்கள். அடாப்டோஜென் என்று வாயில் நுழையாத ஒரு பெயரும் சொல்கிறார்கள். பயப்பட வேண்டாம். உடம்பு கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள உதவுகிற பொருள் என்பதற்கு 1947-ல் லாசரேவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி வைத்த பெயர் அது. பெயர்தான் புதுசு. டப்பாவின் பின்பக்கம் படித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நம்ம அமுக்கராதான். அசுவகந்தா என்று போட்டிருப்பார்கள்.

மூலிகையை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. நம்ம மாவட்டத்தில் நின்றுகொண்டு யார் அப்படிப் பேச முடியும்? நம் மலையிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. கேளுங்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதே மக்கள் அகத்தியர் மலைக்கு மேற்கே கேரளப் பக்கத்திலும் இருக்கிறார்கள். 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் என்ற தாவர விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் காணி ஆட்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு அந்த மலையில் ஏறினார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்டிகள் மட்டும் இடையிடையே எதோ சின்னக் காயை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள். களைத்தவர்களுக்கும் கொடுத்தார்கள், அவர்களுக்கும் தெம்பு வந்தது. அது என்ன செடி என்று கேட்டால் முதலில் சொல்ல மாட்டோம் என்றார்கள். வெளியாட்களிடம் சொல்லக்கூடாத விஷயமாம். கெட்டதுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகுதான் காட்டிக் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் இருக்கிற தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பரிசோதித்து, ஆரோக்கியப்பச்சை இலையோடு அமுக்கராவும் வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள். 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்க 7 வருஷ உரிமை கொடுத்தார்கள். உரிமைப் பணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. வருகிற பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று தீர்மானித்தார்கள். பணத்தை யார் கையில் கொடுப்பது? அதற்காக 1997-ல் காணி மக்கள் பெயரில் ஒரு அறக்கட்டளை பதிவு செய்தார்கள். நம்ம சங்கம் மாதிரிதான், பதிவு இருந்தால்தானே பணம் கைக்கு வரும். காட்டு அறிவைச் சொன்ன மக்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்ததற்காக உலகமெல்லாம் இதைப் பேசினார்கள். ஆனால் செடி காட்டு நிழலில்தான் நன்றாக வரும், இலை பறிக்க வனத்துறையோடு சிக்கல், வேரோடு பிடுங்கிக் கடத்துகிற ஆட்கள் வேறு. அதனால் எதிர்பார்த்த அளவுக்கு வருமானம் வளரவில்லை. அது தனிக்கதை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. காணிக்காரர்கள் அந்தக் காயைத் தின்றது மலை ஏறும்போது, நடையின் களைப்புக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் சுண்டெலியைத் தண்ணீரில் நீந்த விட்டு, மருந்து கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்துகிறதா என்று பார்த்ததும் அந்த மாதிரிக் களைப்புக்குத்தான். ரத்தமில்லாமல் வருகிற சீணம் வேறே. தைராய்டால் வருகிற சீணம் வேறே. மூன்று மணிக்கு எழும்பிப் பால்வெட்டுக்குப் போய்விட்டு, ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கிறவளுடைய சீணம் அதுவும் வேறே. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா எப்படிப் பொருந்தும்?

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தக் கூட்டத்தில் வரிசைக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கள். ரெண்டில் ஒருத்தருக்கு என்று கணக்கு. ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11. 8, 9 என்று வைத்துக்கொண்டே அண்டி உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படி ஏறினால் கிதைப்பு, நெஞ்சு படபடப்பு, எரிச்சல், பிள்ளைகளிடம் கத்தல். இதைத்தான் 'மனசு சரியில்ல' என்று நினைத்துக்கொள்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் ஒரு குத்து, காசு கிடையாது. இரும்புச்சத்து மாத்திரையும் சும்மா கிடைக்கும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரையின் நிறம்தான். மாத்திரை போட்டதும் கட்டன் சாயா குடித்தால் சத்து உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மரச்சீனி வயிற்றை நிறைக்கும், ரத்தத்தை ஊற வைக்காது. கூட மீனும் முருங்கைக் கீரையும் ஒரு நெல்லிக்காயும் வேண்டும். மாதவிலக்கில் ரத்தம் கூடுதலாகப் போகிறவர்கள் அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஓட்டைக் குடத்தில் வெள்ளம் கோரி என்ன பயன்?

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, ரத்தம் இருக்கிறது, தைராய்டு, சர்க்கரை ஒன்றும் இல்லை, ஆனாலும் மனசு இறுக்கமாக இருக்கிறது, உறக்கம் வரவில்லை. அப்போது அமுக்கரா சாப்பிடலாமா? சாப்பிடலாம், பலன் இருக்கலாம். 2012-ல் வெளியான ஒரு ஆய்வில் 64 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அமுக்கரா வேர்ச் சத்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் 60 நாள் கொடுத்தார்கள். அமுக்கரா எடுத்தவர்களுக்கு மன அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் இது இரண்டு மாதக் கணக்கு. வருஷக்கணக்கில் தின்னலாம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

'மூலிகைதானே, என்ன செய்யும்' என்ற பேச்சுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அமுக்கரா எடுத்து மஞ்சள் காமாலை வந்த 5 பேரைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்க டாக்டர்கள் 2020-ல் எழுதினார்கள். நிறுத்தியதும் குணமானார்கள். எல்லோருக்கும் வருவதில்லை, அபூர்வம்தான். ஆனாலும் கண் மஞ்சளித்தாலோ, மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பால் கொடுக்கிறவர்களும் வேண்டாம். தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, உறக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சேர்த்து எடுக்கக்கூடாது. அந்த மருந்துகளின் வேகத்தை இது கூட்டியோ குறைத்தோ விடலாம்.

கேட்பதற்கு ஆளா இல்லை? கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. அங்கே நாடி பார்த்து, விவரம் கேட்டு, தேவைப்பட்டால் அமுக்கரா சூரணம் தருவார்கள். அந்தச் சூரணத்தில் சீனியும் சேர்ந்திருக்கும் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டப்பாதான் வாங்குவேன் என்றால் லேபிளைப் படியுங்கள், கண்ணாடி இல்லாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மருந்து என்றால் தயாரிப்பு உரிமம் எண்ணும், உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எண்ணும், இரண்டிலும் என்னென்ன எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற விவரமும், தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். சர்க்கரையைக் குணப்படுத்தும், கேன்சரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954 சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்லி விற்க வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும். நம் ஊரில் பாதி விற்பனை சொந்தக்காரர் மூலமாகத்தான் நடக்கிறது!

கணக்கும் பாருங்கள். டப்பா 600 ரூபாய், மாதம் இரண்டு டப்பா என்றால் 1,200. மாதச் சந்தா 50 ரூபாய் கட்டுகிறவளுக்கு அது இரண்டு வருஷச் சேமிப்பு. இதற்கு உள்கடன் கேட்டு மனு வந்தால் தலைவியும் செயலாளரும் "ரத்தம் பரிசோதிச்சியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடன் மறுக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறோம்.

இன்னொன்று, பொதுவில் பேசத் தயங்குகிற விஷயம். பல வீடுகளில் சீணத்துக்குக் காரணம் உடம்பில் இல்லை. குடித்துவிட்டு வருகிற ஆள், வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிற தனியார் கடன்காரன், மகள் கல்யாணத்துக்கு வைத்த நகை. இதற்கு எந்தப் பொடியும் இல்லை. அழுகை நிற்கவில்லை, எதிலும் மனசு போகவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அடி உதை என்றால் 181. இந்த இரண்டு எண்ணையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எந்த நாள் லீவு போட முடியும் என்று இப்போதே உங்கள் ஊக்குநரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சீட்டைக் கையில் கொண்டு வாருங்கள், டப்பா வைத்திருக்கிறவர்கள் டப்பாவையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.